ரிட்டயர் ஆன பிறகும் இடுப்பில் துப்பாக்கி

நியூ ஜெர்சியில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் இருக்கிறார். கோடை வந்தால் வீட்டுப் பின்பக்கம் கிரில் போட்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவார். முதல் பியரைத் திறப்பதற்கு முன் மட்டும் ஒரு நிமிடம் உள்ளே போய்விட்டு வருவார். எதற்கு என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. சட்டைக்குள் செருகியிருக்கும் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறார். குடித்திருக்கும்போது அதை வைத்திருக்கச் சட்டமும் விடாது, அவர் மனசும் விடாது.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா இதைக் கேட்டு ஆடிப்போய்விட்டார். "ரிட்டயர் ஆனப்புறம் எதுக்குப்பா துப்பாக்கி? ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டுத்தானே வரணும்?"

ஊர் வழக்கம் அதுதான். இங்கே லியோசா என்றொரு மத்தியச் சட்டம் இருக்கிறது. 2004 ஜூலையில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டது. டூட்டியில் இல்லாத போலீஸ்காரரும், நல்ல பெயரோடு ஓய்வுபெற்றவரும் அடையாள அட்டை இருந்தால் எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு நடமாடலாம். ஓய்வுபெற்றவர் 15 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்றிருந்ததை 2010இல் 10 வருடமாகக் குறைத்தார்கள். வருடம் ஒருமுறை சுடும் தேர்வில் தேற வேண்டும், அதுவும் சொந்தச் செலவில்.

இந்த உரிமை வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். 25 வருடம் ஆட்களைப் பிடித்து உள்ளே தள்ளியவர், பேத்தியோடு கடைக்குப் போகும்போது அவர்களில் ஒருவன் எதிரே வந்து நிற்கலாம். அந்தப் பகைக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது. 2007 பிப்ரவரியில் சால்ட் லேக் சிட்டியின் டிராலி ஸ்கொயர் மாலில் ஒருவன் கண்ணில் பட்டவர்களை எல்லாம் சுட்டான். ஐந்து பேர் செத்தார்கள். அங்கே கர்ப்பிணி மனைவியோடு சாப்பிட வந்திருந்தார் கென்னத் ஹாமண்ட். ஆக்டன் நகரப் போலீஸ்காரர், அன்று டூட்டியும் இல்லை, அது அவருடைய ஊரும் இல்லை. மனைவியைப் போலீஸுக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, தன் கைத்துப்பாக்கியால் அவனை எதிர்த்து நின்றார், உள்ளூர் போலீஸ் வரும்வரை. அன்று அவர் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தால் சாவு எத்தனை ஆகியிருக்குமோ.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2014இல் ஃப்ளோரிடாவில் ஒரு சினிமா தியேட்டர். முன் சீட்டுக்காரர் போனை நோண்டுகிறார் என்று ஆரம்பித்த வாய்த்தகராறு. முகத்தில் பாப்கார்ன் வந்து விழுந்ததும் கர்டிஸ் ரீவ்ஸ் சுட்டார், முன் சீட்டுக்காரர் இறந்துபோனார். ரீவ்ஸ் டாம்பா போலீஸில் கேப்டனாக இருந்தவர், வயது 71. 2022இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சரி, தீர்ப்பு தீர்ப்புதான். அந்த மனுஷன் திரும்பி வரப்போவதில்லை.

2019இல் கலிஃபோர்னியாவின் கொரோனா நகரில் ஒரு காஸ்ட்கோ கடை. டூட்டியில் இல்லாத லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரர், கையில் குழந்தையோடு நின்றிருந்தார். பின்னாலிருந்து ஒருவர் அவரை அடித்தார். போலீஸ்காரர் பத்து ரவுண்டு சுட்டார். செத்தவர் பேச வராத, மனவளர்ச்சி குன்றிய 32 வயது இளைஞர். அவருடைய அப்பா, அம்மா இருவருக்கும் பலத்த குண்டுக் காயம். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த இரண்டிலும் முதலில் தவறியது குறி அல்ல, கணிப்புதான். வருடாந்திரத் தேர்வோ குறியை மட்டும்தான் பார்க்கிறது. கோபத்தில் கை எங்கே போகிறது, வயதாக ஆக நிதானம் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் அது கேட்பதே இல்லை.

எங்கள் மாநிலத்தில் ஓய்வுபெற்றவர்களுக்குத் தனி பர்மிட் இருந்தது: வருடத்துக்கு இரண்டு தேர்வு, 75 வயது வரம்பு. லியோசா தகுதி உள்ளவர்களுக்கு அது தேவையில்லை என்று 2024 பிப்ரவரியில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது தேர்வும் வயது வரம்பும் போனதில் எனக்கு வருத்தம்தான்.

பக்கத்து வீட்டுக்காரரிடமே கேட்டேன், உங்களுக்கு எதில் பயம் என்று. திருடனிடம் இல்லையாம். "நான் துப்பாக்கியை எடுத்து நிற்கும்போது ஒரு ரோந்து கார் வந்து நின்றால்? இருபது வயசுப் பையன் இறங்குவான். அவனுக்கு நான் யாரென்று தெரியாது" என்றார். அவர் கறுப்பினத்தவர். 2009இல் நியூயார்க்கில் ஓமர் எட்வர்ட்ஸ் என்ற போலீஸ்காரர் அப்படித்தான் செத்தார். டூட்டி முடிந்து கிளம்பியவர், தன் காரை உடைத்தவனைத் துப்பாக்கியோடு துரத்திக்கொண்டு ஓடினார். சக போலீஸ்காரரே அவரைச் சுட்டுவிட்டார். எட்வர்ட்ஸும் கறுப்பினத்தவர்.

அதனால் நான் கேட்பது இதுதான். உரிமை இருக்கட்டும். வருடம் ஒருமுறை குறி அட்டையைச் சுடுவதோடு, எப்போது எடுக்கக் கூடாது, வரும் போலீஸுக்குத் தன்னை எப்படிக் காட்டிக்கொள்வது என்று நடித்துக் காட்டும் பயிற்சி ஒரு நாள், டாக்டர் பரிசோதனை ஒன்று. செலவை அரசாங்கம் ஏற்கட்டும். இதை அவரிடம் சொன்னேன். முதல் நாளே வந்து நிற்பேன் என்றார்.