26 கிலோ அரிசி மூட்டைக்கு வரி இல்லை, 5 கிலோ பைக்கு உண்டு

'கடையில் பணக்காரரும் ஏழையும் ஒரே சதவீதம்தான் கட்டுகிறார்கள், அதனால் ஜிஎஸ்டி நியாயமான வரி' என்கிறார் ஒரு கட்டுரையாளர். சதவீதம் ஒன்றுதான், சரி. ஆனால் அது செலவின் மேல் விழுகிறது, வருமானத்தின் மேல் அல்ல. மாதம் 15,000 ரூபாயில் குடும்பம் நடத்துபவருக்குக் கையில் எதுவும் மிஞ்சாது, அத்தனையும் செலவுதான். 3 லட்சம் வாங்குபவர் பாதியைச் சேமிப்பில் போட்டால், அந்தப் பாதியை ஜிஎஸ்டி தொடுவதே இல்லை.

அத்தியாவசியப் பொருளுக்கு விலக்கு உண்டே என்பார்கள். உண்டு, சில்லறையாக அளந்து தரும் அரிசிக்கு வரி கிடையாது. ஆனால் 2022 ஜூலையிலிருந்து, 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம். உடனே நம் ஊர் ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன! மூட்டையாக எடுக்க வசதி உள்ளவருக்கு வரி மிச்சம். வாரக் கூலியில் 5 கிலோ பை வாங்குபவர் வரியோடு வாங்குகிறார். தங்கத்துக்கே 3 சதவீதம்தான், அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2025 செப்டம்பரில் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு 18 சதவீதத்தை 5 ஆக்கியது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு பட்ஜெட்டில், வருமான வரியின் புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வரி இல்லை என்றதும் எவ்வளவு கொண்டாட்டம்! கூலிக்காரர் சோப்பு வாங்கும்போது மட்டும் அவர் வருமானம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.