600 மி.மீ. லென்ஸ் வாங்கும் முன் ஒரு சிறிய கணக்கு

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் நமக்குக் குறுக்காகப் பறந்து போகும் ஒரு போர் விமானம் நொடிக்கு 222 மீட்டர் கடக்கிறது. அமெரிக்காவில் இத்தகைய அதிவேக ஜெட்கள் சாகசம் செய்யும் கோட்டுக்கும் பார்வையாளர் வரிசைக்கும் இடையே வழக்கமாக 1,500 அடி, அதாவது ஏறத்தாழ 457 மீட்டர், இடைவெளி விடப்படுகிறது. அந்தத் தூரத்தில் நின்று, ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகலச் சென்சார் உள்ள) கேமராவில் 400 மி.மீ. லென்ஸை (இந்த மி.மீ. குவியத் தொலைவு; அது கூடக் கூடத் தொலைவிலுள்ளது பெரிதாகத் தெரியும்) மாட்டி, கையைத் திருப்பாமல் ஒரே திசையில் பிடித்திருந்தால், விமானத்தின் மூக்கு ஃபிரேமின் ஓர் ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தைத் தொட ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. 600 மி.மீ. என்றால் எட்டில் ஒரு பங்குதான்.

விமான சாகச நிகழ்ச்சிகளைப் படமெடுக்கத் தொடங்குபவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது ‘எத்தனை மி.மீ. வேண்டும்?’ என்பதைத்தான். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. தலைக்கு மேல் தூக்கி, இடுப்பிலிருந்து திருப்பி, ஒரு நாளில் நூறு முறையாவது நடுக்கமின்றி வீசக்கூடிய எடை உங்களுக்கு எவ்வளவு என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தெரியாமல் லென்ஸ் வாங்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

முதல் முறை நான் கொண்டுபோனது சிக்மா 150-600 ஸ்போர்ட்ஸ். அதன் எடை 2,860 கிராம். கேமராவையும் சேர்த்தால் நான்கு கிலோவை நெருங்கிவிடும். லென்ஸில் எந்தக் குறையும் இல்லை, படம் கத்தி போல வரும். ஆனால் நண்பகல் தாண்டியபோது என் இடது முன்கை தானாகவே ஆடத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால், வரிசையாக வால்கள்: வாலும் புகையும், வாலும் வானமும், சில இடங்களில் வெறும் வானம். விமானம் முந்திக்கொண்டே இருந்திருக்கிறது, நான் பின்னால் துரத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். அதன் பிறகு கேனானின் ஆர்எஃப் 100-500 (சுமார் 1,370 கிராம்), சோனியின் 100-400 (1,395 கிராம்) போன்றவற்றின் எடை விவரத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடும் என்று சொல்லும் எஃப் எண்ணெல்லாம் (எண் சிறிதானால் ஒளி அதிகம்) பிறகுதான். பட்டப்பகலில் பறக்கும் ஜெட்டுக்கு எஃப் 7.1 தாராளமாகப் போதும்.

‘அப்படியானால் விமானம் சிறிதாகத் தெரியாதா?’ என்று கேட்பீர்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எஃப்-16 விமானத்தின் நீளம் ஏறத்தாழ 15 மீட்டர். 457 மீட்டர் தொலைவில் 400 மி.மீ. லென்ஸ் அதன் பக்கவாட்டுத் தோற்றத்தைச் சென்சாரின் மீது 13 மி.மீ. நீளத்துக்கு விழவைக்கும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., ஆகவே ஃபிரேமில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதே லென்ஸை 23.5 மி.மீ. அகலமே உள்ள, கிராப் சென்சார் எனப்படும் சிறிய சென்சாரில் மாட்டினால் பாதிக்கும் மேல் நிறைந்துவிடும். விமானத்தை இதைவிடப் பெரிதாக்கினால், வளைந்து திரும்பும் கணத்தில் இறக்கை நுனி வெட்டுப்படாமல் காப்பாற்றுவது பெரும்பாடு. ஆகவே, இந்த ஒரு வேலைக்கு மட்டும், கிராப் சென்சார் கேமராவை ஏழையின் தேர்வாக யாராவது பேசினால் நான் ஒப்புக்கொள்வதில்லை. எடை கூடாமல் எட்டம் கூடுகிறது, வேறென்ன வேண்டும்?

ஜூம் இல்லாத லென்ஸ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிக்கானின் 500 மி.மீ. எஃப் 5.6 பிஎஃப் 1,460 கிராம்தான். தனி விமானத்துக்கு அது அருமையான கருவி. ஆனால் பிரிட்டிஷ் விமானப் படையின் சாகசக் குழுவான ரெட் ஆரோஸின் ஒன்பது ஹாக் விமானங்கள் அணிவகுத்து வந்து, தலைக்கு நேரே பூப்போல விரிந்து பிரியும்போது 500 மி.மீ. வைத்திருப்பவர் இரண்டு விமானங்களைப் படமெடுத்துவிட்டு மற்ற ஏழு விமானங்களையும் வெறுங்கண்ணால் ரசிக்க வேண்டியதுதான். அப்போது 100 மி.மீ.கூட நெருக்கமாகத் தோன்றும். அதனால்தான் 200-இல் தொடங்கும் ஜூமைவிட 100-இல் தொடங்கும் ஜூமையே நான் விரும்புகிறேன்.

இனி உடம்பு செய்ய வேண்டிய வேலை. முதலில் சொன்ன அதே விமானம் 1/1000 நொடியில் 22 செ.மீ. நகர்கிறது. 400 மி.மீ. லென்ஸில், சென்சாரின் மீது அது 0.19 மி.மீ.; 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் முப்பது பிக்சலுக்கும் அதிகமான இழுப்பு. 1/2000 வைத்தாலும் பாதிதான் குறையும். ஆக, ஷட்டர் வேகம் மட்டும் விமானத்தைக் கூர்மையாக்குவதில்லை. நம் லென்ஸ் அதே வேகத்தில் கூடவே திரும்புவதுதான் கூர்மையைத் தருகிறது. இப்படிக் கூடவே திருப்புவதற்குப் பேனிங் என்று பெயர். பேனிங்கில் பத்தில் ஒன்பது பங்கு வேகத்தைப் பிடித்துவிட்டால் அந்த முப்பது பிக்சல் மூன்றாகச் சுருங்கிவிடுகிறது. விமானம் நமக்கு நேராக வரும்போது உடல் முறுக்கில்லாமல் இருக்கும்படி பாதங்களை முன்கூட்டியே அந்தத் திசையில் ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் அது வரும் பக்கம் முறுக்கி வைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, தூரத்தில் அது புள்ளியாக இருக்கும்போதே பின்தொடரத் தொடங்கி, கடைசிப் படம் எடுத்த பிறகும் திருப்புவதை நிறுத்தாமல் தொடர வேண்டும். பலரும் தவறுவது இந்தக் கடைசிப் பகுதியில்தான். பொத்தானை அழுத்தும் கணத்தில் கை நின்றுவிடுகிறது. சாலையில் போகும் வண்டிகளை வைத்து ஒரு வாரம் பழகினால் போதும். பின்புறத் திரையைப் பார்த்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது, வியூஃபைண்டரில் கண்ணை வைத்தே ஆக வேண்டும். மற்றக் கண்ணையும் திறந்து வைக்கப் பழகிவிட்டால், ஃபிரேமுக்கு வெளியே இன்னொரு விமானம் எதிர்த்திசையிலிருந்து வருவது முன்பே தெரிந்துவிடும்.

அமைப்புகளில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நல்ல வெயிலில் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 400, ஷட்டர் 1/1600 நொடி என்று வைத்தால் ஏறத்தாழ சரியாக இருக்கும். மேகம் மூடிய வெளிர்வானத்தை நம்பித் தானியங்கி முறையில் விட்டால் கேமரா வானத்தை அளந்து விமானத்தைக் கரிக்கட்டையாக்கிவிடும். அத்தகைய நாளில் ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரு மடங்கு, கூட்டி வைப்பேன். ஜெட்டுக்கு வெளியே தெரியும் விசிறி இல்லை என்பதால் வேகமான ஷட்டரால் இழப்பேதும் இல்லை. ஆனால் அடுத்து ஹெலிகாப்டரோ உந்துவிசிறி விமானமோ வந்தால் 1/200-க்கோ அதற்கும் கீழேயோ இறக்க மறக்காதீர்கள். 1/1600-இல் எடுத்த ஹெலிகாப்டர் நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை போலத்தான் இருக்கும்.

கேமரா உடல்களில் சமீப ஆண்டுகளில் உண்மையாகவே மாறியிருப்பது ஃபோகஸ்தான். நிக்கான் இசட்9 (2021), சோனி ஏ7ஆர் 5 (2022) போன்றவை விமானத்தை விமானம் என்றே அடையாளம் கண்டு பற்றிக்கொள்கின்றன. முன்பெல்லாம் புகைக் கோட்டுக்குக் குறுக்கே விமானம் போனால் ஃபோகஸ் புகையிலேயே தங்கிவிடும். இப்போது அந்த எரிச்சல் பெருமளவு குறைந்துவிட்டது. அதே அளவுக்கு முக்கியமானது, தொடர்ந்து சுடும்போது வியூஃபைண்டர் இருண்டு போகாமல் இருப்பது. சோனி ஏ9 (2017) அதைச் சாதித்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணில் வைத்துப் பார்த்த பிறகுதான், ஒவ்வொரு படத்துக்கும் இடையே கண் சிமிட்டும் கேமராவில் ஒரு ஜெட்டைத் துரத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவது போல என்று புரிந்தது. ஒரே ஓர் எச்சரிக்கை: சென்சாரை மெதுவாகப் படிக்கும் கேமராக்களில் மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால், வேகமாகப் பேன் செய்யும்போது பின்னணியிலுள்ள கம்பங்கள் சாய்ந்து நிற்கும். அப்படிப்பட்ட கேமராவில் இயந்திர ஷட்டரே நல்லது.

மெகாபிக்சலைவிட மெமரி கார்டில் பணம் போடுங்கள் என்பதற்கு என்னிடம் வலியுள்ள காரணம் ஒன்று உண்டு. ஈரப்பதம் மிகுந்த ஒரு காலை; தாழ்வாக, ஒலியின் வேகத்தை நெருங்கி ஒரு ஜெட் வந்தது. அது புள்ளியாக இருந்தபோதே பொத்தானை அழுத்தத் தொடங்கிவிட்டேன். சரியாக என் எதிரே வந்தபோது அதன் இடுப்பைச் சுற்றி வெண்ணிறக் கூம்பு ஒன்று மலர்ந்தது. அதே கணத்தில் கேமராவின் பஃபர் (கார்டில் எழுதப்படும்வரை படங்களைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) நிரம்பி, ஷட்டர் ஒலி படபடவென்று இருந்தது ‘டக்… டக்…’ என்று தளர்ந்துவிட்டது. அடுத்தடுத்த இரண்டு படங்களில், முதலாவதில் கூம்பு இல்லை, இரண்டாவதில் கலைந்துபோன மிச்சம். 45 மெகாபிக்சல் ரா கோப்பு (கேமரா மெருகேற்றாத மூலப் படம்) ஒன்று 50 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 20 படம் என்பது 1,000 எம்.பி. வேகமான யுஎச்எஸ்-2 வகை எஸ்டி மெமரி கார்டின் உச்சவரம்பே நொடிக்கு 312 எம்.பி.தான். (அந்தக் கூம்பைப் பார்த்தவுடன் ‘ஒலித்தடையை உடைத்துவிட்டது’ என்று எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: உடைக்க வேண்டியதில்லை. காற்றழுத்தம் திடீரெனக் குறைந்து, காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் துளிகளாவதுதான் அது. ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேயே நிகழ்ந்துவிடும்.)

எவ்வளவு செலவழித்தாலும் தீர்க்க முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கானல். வெயில் ஏறிய பின் ஓடுபாதையின் மேல் காற்று நெளியும்போது, தொலைவில் தரையோடு ஓடும் விமானத்தை எந்த லென்ஸில் எடுத்தாலும் நீருக்கடியில் எடுத்தது போலவே இருக்கும். லென்ஸ் நீளமாக ஆக அந்த நெளிவும் பெரிதாகிறது. 600 மி.மீ. வாங்கியவர்களில் சிலர் லென்ஸில் பழுது என்று சேவை மையத்துக்கு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். பழுது காற்றில் இருந்தது. காலை முதல் காட்சிகளைத் தவறவிடாமல் இருப்பதும், நண்பகலில் தரையை விட்டுவிட்டு உயரே வளையும் விமானங்களை மட்டும் எடுப்பதும்தான் வழி. அதுபோலவே சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கும் இடமாகப் பார்த்து நிற்பது, எந்தக் கேமரா மாற்றத்தையும்விடப் படத்தை அதிகமாக மாற்றும்.

மாலை வெளிச்சத்தில் கணக்கு தலைகீழாகிறது. ஆஃப்டர்பர்னர் (ஜெட்டின் வால் பக்கம் கூடுதல் எரிபொருளை எரிக்கும் பகுதி) சுடரை எடுக்க 1/500-க்கு இறங்கி, ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றி, லென்ஸை முழுதாகத் திறந்து வைத்தும் ஒளி போதாமல் தவிக்கும் அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் எஃப் 7.1-ஐ நொந்துகொள்வேன். அதற்காக மூன்று கிலோவை மறுபடியும் தூக்கிச் சுமக்க என் முன்கை இன்னும் சம்மதிக்கவில்லை.