எச்சமும் கிடையும்

இந்தியப் பெருங்கடலிலுள்ள சாகோஸ் தீவுகளில் கப்பல் வழியே வந்து பெருகிய எலிகளை ஒழிப்பது குறித்து நான் படித்த கட்டுரை, அதைப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் காக்கும் வேலையாக மட்டுமே காட்டிவிட்டு நின்றுவிடுகிறது என்பதே என் குறை. 2018-இல் நேச்சர் அறிவியல் இதழில் நிக் கிரஹாம் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, அங்கே எலியுள்ள ஆறு தீவுகளையும் எலியில்லாத ஆறு தீவுகளையும் ஒப்பிட்டது. எலியில்லாத தீவுகளில் கடற்பறவைகளின் அடர்த்தி 760 மடங்கு இருந்ததோடு, அவற்றை ஒட்டிய பவளத்திட்டுகளில் மீன்களின் மொத்த எடையும் 48 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தொலைவிலுள்ள ஆழ்கடலில் இரை தின்னும் பறவைகள் தீவுக்குத் திரும்பி எச்சமிடுகின்றன. அதிலுள்ள நைட்ரஜன் மழையில் கரைந்து கடலுக்கு இறங்கி, பாசியையும் அதை மேயும் மீனையும் வளர்க்கிறது.

பென்னாகரம் பக்கத்து மானாவாரி விவசாயியான எனக்கு இது புதிதாகப் படவில்லை. அறுவடை முடிந்த ராகிக் கொல்லையில் ஆட்டுக்கிடை போடுகிறோமே, அதே கணக்குதான்: பகலெல்லாம் கரட்டில் மேய்ந்த ஆடு, இரவில் புழுக்கையும் மூத்திரமுமாகக் கரட்டின் சத்தை நம் நிலத்தில் சேர்க்கிறது. கிடை போட்ட இடத்தில் அடுத்த பயிர் கருகருவென்று நிற்பதை வரப்பில் நின்றே சொல்லிவிடலாம். (ஆட்டுக்காரருக்குக் கிடைக்கூலி உண்டு, பறவைக்கு அதுவும் இல்லை.)

இன்னொன்றையும் கட்டுரை தொட்டிருக்கலாம். அத்தீவுகள் பலவற்றில் பழைய தென்னந்தோப்புகள் இயற்கைக் காட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால், எலியை ஒழித்தாலும், கூடு கட்ட ஏற்ற மரங்களை மீட்டெடுக்காமல் பறவைகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்புமா என்பது ஐயமே.