ஒட்டகத்தில ஏறின கரும்பலகை

சனிக்கிழமை மண்டபத்தில நடந்தது வந்திருந்த எல்லாருக்கும் தெரியும், பெயர் சொல்லத் தேவையில்லை. "ஒட்டகம் மேய்க்கிறதுக்கு என்னத்துக்கு ஏபிசிடி?" எண்டு எங்கட ஆள் ஒருத்தர் தமிழில கேக்க, சபையே சிரிச்சுது. மந்தையோட அலையிற பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்துக்குக் காசு கேட்டு மேடையில நிண்ட சோமாலி நண்பருக்குத் தமிழ் விளங்காது. அவரும் சேர்ந்து சிரிச்சார்.

மனுசன் கேட்டது ஆளுக்கு இருபது டொலர். கட்டடத்துக்கில்லை, ஒரு வாத்தியாரின்ர சம்பளத்துக்கு. எத்தியோப்பிய எல்லையோட சோமாலி இடையர் மேய்க்கிற ஹவுட் வெளியில மழை பெய்யிற பக்கம்தான் மந்தை போகும். பொம்பிளையள் குடிலைக் கழட்டி ஒட்டகத்தில ஏத்துவினம். அதோட கரும்பலகையும் ஏறும், வாத்தியார் பின்னால நடப்பார். நடக்கிற பிள்ளைக்கு நடக்கிற பள்ளிக்கூடம். இவ்வளவுதான் விசயம். ஃபோனில அவர் காட்டின படத்தில பலகையின்ர ஒரு மூலை உடைஞ்சிருந்தது, முதல் நாள் கணக்கு பாதி அழிஞ்சிருந்தது.

"முதல்ல ஒரு இடத்தில குடியிருக்கச் சொல்லு" எண்டார் ஒருத்தர். அண்ணை, ஒரு இடத்தில இருந்தா புல்லு முடிஞ்சு மந்தை செத்துப்போகும். பிறகு ஏபிசிடியைக் கறந்தா குடிக்கிறது?

இது அவர் புதுசாக் கண்டுபிடிச்சதுமில்லை. அங்க குர்ஆன் ஓதிக்குடுக்கிறவர் எப்பவோ தொட்டு மந்தையோடதான் நடக்கிறார். பிள்ளையள் மரப்பலகையில கரி மையால எழுதி, பாடமானதும் கழுவிப்போட்டு அடுத்ததை எழுதுவினம். 1972இல சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்து வந்தது. 1974இல சோமாலியா அரசாங்கம் எழுத்தறிவு குடுக்கவெண்டு மேல்வகுப்புகளை மூடிப்போட்டு, 25,000 அளவில மாணவரையும் ஆசிரியரையும் நாட்டுப்புறத்துக்கு அனுப்பிச்சுது. "தெரிஞ்சாப் படிப்பி, தெரியாட்டிப் படி" எண்டதுதான் கோஷம். அந்த நேரம் பாத்துத்தான் 'தபதேர்' வறட்சி வந்து மந்தையளை அழிச்சது. அப்ப அங்க ஆண்ட சர்வாதிகாரி சியாட் பாரேக்கு நான் வக்காலத்து வாங்கேல்லை, உடன அதைத் தூக்கிக்கொண்டு வராதேங்கோ.

பொம்பிளைப் பிள்ளையள் ஏன் குறைவெண்டு ஒரு அக்கா கேட்டா. ஓம், குறைவுதான். ஆட்டுக்கும் தண்ணிக்கும் அவையள்தான் போகினம். நியாயமான கேள்வி. சிரிக்காமல் அவரிட்டயே கேட்டிருக்கலாம்.

ஆனால் "காசு ஆரிட்டப் போய்ச் சேருமோ" எண்டு கேட்டியளே, அதுதான் சுட்டது. இதே கேள்வியை எங்களைப் பாத்து மற்றவன் கேக்கேக்க எப்பிடிக் கொதிச்சனாங்கள்? ஊருக்கு அனுப்பின ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குச் சொன்ன சனம்தானே நாங்கள்?

1995 ஒக்ரோபர் 30 இரவு, ஆமி நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமத்தால சனத்தோட சனமா வெளிக்கிடேக்க எனக்கு ஒன்பது வயது. பிறகு தென்மராட்சியில ஒரு மாமரத்துக்குக் கீழ, சீமெந்துப் பையை விரிச்சிருந்து பின்னக் கணக்குப் படிச்சன். ரீச்சர் கரும்பலகையைக் கொப்பில கட்டியிருப்பா. மழை இருட்டினா முதல்ல பலகையைத்தான் அவிழ்ப்பா. முதல்ல ஒரு இடத்தில இருங்கோ எண்டு அப்ப எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அதே சீமெந்துப் பையில இருந்து படிச்ச ரெண்டு பேரைச் சிரிச்ச கூட்டத்துக்குள்ள கண்டனான்.

இண்டைக்குக் காலமை நண்பர் ஃபோன் எடுத்தார். "உன்ர ஆக்கள் நல்ல சந்தோசமான ஆக்கள். என்ன பகிடி அது?"

ஒட்டகத்தைப் பற்றி ஒரு பழைய பகிடி எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன்.