தோற்கும் பூத்தில் விழும் ஓட்டு

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் பக்கம் ஒரு பேச்சு கிளம்பும். "இங்க அவங்கதான் வருவாங்க. நாம போட்டா மட்டும் மாறிடவா போகுது?" டீக்கடையில் சொல்வார்கள், கல்யாணப் பந்தியில் சொல்வார்கள், வாட்ஸப்பில் வாய்ஸ் நோட்டாகவும் வரும். சொல்பவர்கள் அரசியல் தெரியாதவர்கள் இல்லை. வருஷக்கணக்காக ஒரே சின்னத்துக்குப் போட்டு, ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனவர்கள். அந்த அலுப்பு எனக்குப் புரிகிறது. அதனால்தான் இரண்டு வரியில் புத்தி சொல்லாமல் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் எந்தக் கட்சி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதற்கு ஓட்டுக் கேட்டு எழுதும் பதிவில்லை இது. உங்கள் ஊரில் தோற்கிற கட்சி எதுவாக இருந்தாலும், நீங்கள் அந்தக் கட்சிக்காரர் என்றால், இது உங்களுக்கு.

எங்கள் கோவை மாவட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் முழுக்கத் திமுக அணி ஜெயித்தது. இங்கே மட்டும் பத்துத் தொகுதியும் அதிமுக அணிக்குப் போனது. பத்துக்குப் பத்து. அடுத்த நாளே "இனி இங்க அவங்களத் தவிர யாரும் கால் வைக்க முடியாது" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பத்துக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். கிணத்துக்கடவில் வித்தியாசம் 1,095 ஓட்டு. கோவை தெற்கில் வானதி சீனிவாசனுக்கும் கமல்ஹாசனுக்கும் நடுவில் 1,728 ஓட்டு. ஒரு தொகுதிக்கு 300 பூத் என்று குறைத்தே வைத்தாலும், கிணத்துக்கடவில் பூத்துக்கு 4 ஓட்டுகூட வராது. ஒரு பூத்தில் "எதுக்கு வெயில்ல போய் நிக்கணும்" என்று வீட்டிலேயே இருந்துவிட்ட ஒரே ஒரு குடும்பம் போதும் அந்த 4 ஓட்டுக்கு.

சரி, அப்புறம் என்ன ஆனது? 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல். கோவையின் 100 வார்டில் 96 திமுக அணிக்கு. ஆளுங்கட்சிக்கு உள்ளாட்சியில் எப்போதும் ஒரு கை கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் திமுக வேட்பாளர் கணபதி ராஜ்குமார் 1,18,068 ஓட்டு வித்தியாசத்தில் வந்தாரே, அது 1996-க்குப் பிறகு அந்தக் கட்சி இங்கே நேரடியாக ஜெயித்த முதல் நாடாளுமன்றத் தேர்தல். நடுவில் 28 வருஷம். இப்போது மறுபக்கம் பாருங்கள். அதே தேர்தலில் தோற்ற பாஜகவின் அண்ணாமலைக்கு விழுந்தது நாலரை லட்சம் ஓட்டு. 2021-ல் மாவட்டத்தையே அள்ளிய அதிமுக மூன்றாவது இடம். அந்த மூன்றாவது இடத்துக்கும் 2 லட்சத்து 36 ஆயிரம் பேர் போட்டிருக்கிறார்கள். இந்த மூன்று கட்சிக்காரர்களும் ஒவ்வொரு தடவை "இங்க நமக்கு ஒண்ணும் இல்ல" என்று நின்றிருந்தவர்கள்தான். தொகுதியை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை.

கொஞ்சம் பழைய கணக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு நடந்த தேர்தலில் திமுகவுக்கு சட்டமன்றத்தில் கிடைத்தது 2 இடம். ஆனால் 22 சதவீதத்துக்கு மேல் ஓட்டு. அரை கோடிக்கும் அதிகமான பேர், தோற்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்த ஒரு தேர்தலில், போய் வரிசையில் நின்று போட்டிருக்கிறார்கள். ஐந்து வருஷத்தில் அந்தக் கட்சி 173 இடத்தோடு திரும்பி வந்தது. 1996-ல் அடி அதிமுகவுக்கு. 4 இடம். ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். அப்போதும் அவர்களுக்கு 21 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 2001-ல் 132 இடத்தோடு ஆட்சி. தோற்ற வருஷத்தில் அந்த 22 சதவீதமும் 21 சதவீதமும் "எப்படியும் போச்சு" என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால், கூட்டணிக்கு வருபவர்கள் யாரை நம்பி வந்திருப்பார்கள்? கிளைச் செயலாளர் எந்த முகத்தோடு மறுபடி ஊருக்குள் நடந்திருப்பார்?

ஒருமுறை ஓட்டு எண்ணும் இடத்தில் எங்கள் கட்சிக்காக நான் எண்ணிக்கை முகவராக உட்கார்ந்திருக்கிறேன். செல்போனை வெளியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மேஜை, இந்தப் பக்கம் எல்லாக் கட்சி முகவர்களும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்போம். ஓட்டு இயந்திரத்தில் எண்ணிக்கை பதிவாகும் பெட்டியான கண்ட்ரோல் யூனிட்டின் சீலைக் காட்டுவார்கள், ரிசல்ட் பட்டனை அழுத்துவார்கள். வேட்பாளர் வரிசைப்படி எண்கள் ஒவ்வொன்றாக வரும். பூத் எண் போட்டு எழுதிக்கொண்டே போக வேண்டும், நிமிர நேரமிருக்காது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஜெயிக்கிற கட்சி. தன் எண்ணை எழுதிவிட்டு, எங்கள் எண்ணையும் எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். என்னங்கண்ணா என்றேன். "போன தடவ இந்தப் பூத்துல உங்களுக்கு இத்தன இல்லீங்களே, யாருங் வேல பார்த்தா?" என்று கேட்டார்.

நம் ஓட்டை யாரும் பார்க்கப்போவதில்லை என்று நினைக்கிறோம். நம்மைவிடக் கவனமாக அதைப் பார்ப்பது எதிர்த்தரப்பு. பூத் வாரியான கணக்கைப் படிவம் 20 என்று தேர்தல் அதிகாரியின் இணையதளத்திலேயே போடுகிறார்கள். ஒரு பூத்தில் அவர்களுக்கு 600, நமக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 40 அடுத்த தடவை 70 ஆனால், ஜெயித்த கட்சியின் ஒன்றியச் செயலாளர் தன் ஆளைக் கூப்பிட்டு உன் பூத்தில் என்ன பிரச்சினை என்று கேட்பார். தண்ணீர் வரவில்லையா, ரோடு போடவில்லையா என்று விசாரிப்பார்கள். 40 என்பது 5 ஆகிவிட்டால்? நம் கட்சியே அந்த ஊருக்குப் பிரச்சார வண்டியை அனுப்பாது. ஜெயித்தவர்களும் கவலையில்லாமல் இருப்பார்கள்.

இதற்கு ஒரு மோசமான பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். சீட்டு முறை இருந்த காலத்தில் பல பூத்துச் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரத்தில் ஒவ்வொரு பூத்தும் தனித்தனியாகத் தெரிந்துவிடுகிறது. சின்ன ஊரில், அதிலும் ஒரு தெருவே ஒரு பூத்தாக இருக்கும் இடத்தில், "உங்க தெரு நமக்குப் போடல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட முடியும். பல இயந்திரங்களின் கணக்கைச் சேர்த்து மொத்தமாகக் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. சட்ட ஆணையமும் 2015-ல் ஆதரித்தது. மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால் அது வந்தே ஆக வேண்டும். எதிர்த்து ஓட்டுப் போட பயப்படுகிற தெருக்கள் இன்னும் இருக்கின்றன, பெரும்பாலும் அவை யாருடைய தெருக்கள் என்று நமக்குத் தெரியும். அந்தத் தெருவில் இருந்துகொண்டு போய்ப் போடுகிறவர்களை நினைத்தால், பயமே இல்லாத என் தெருவில் "அலுப்பா இருக்கு" என்று சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

இன்னொரு புகார், நியாயமான புகார்: "நம்ம சின்னமே இங்க நிக்கலையே." கூட்டணிக்குத் தொகுதியைக் கொடுத்துவிடுவார்கள். காலமெல்லாம் கொடி பிடித்தவர், பட்டியலில் தன் சின்னத்தைத் தேடினால் இருக்காது. என் மாமா ஒருவர் இப்படித்தான் ஒரு தேர்தலில் போகவே மாட்டேன் என்று கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். "எனக்குப் போடத் தெரிஞ்சது ஒரே பட்டன் கண்ணு, அத எடுத்துட்டாங்க" என்றார். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தொகுதியை ஏன் கொடுத்தார்கள்? இங்கே நமக்கு பலம் இல்லை என்று கணக்கு சொன்னதால். நீங்களும் போகாமல் இருந்தால் அந்தக் கணக்கு அடுத்த தடவை இன்னும் மோசமாகும், தொகுதி திரும்பியே வராது. மாமா மூணு மணிக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

கூட்டணிப் பேச்சில் மேஜைமேல் வைப்பது இந்த ஓட்டைத்தான். 2006-ல் தேமுதிக கிட்டத்தட்ட எல்லாத் தொகுதியிலும் தனியாக நின்றது. ஜெயித்தது விருத்தாசலத்தில் விஜயகாந்த் மட்டும். மற்ற ஊர்களில் முரசுக்குப் போட்டவர்கள் எல்லாரும் அன்று தோற்றவர்கள். ஆனால் மொத்தமாக 8.38 சதவீதம். அதைக் காட்டித்தான் 2011-ல் அதிமுக அணியில் 41 இடம் வாங்கினார்கள், 29-ல் ஜெயித்தார்கள், விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாம் தமிழர் கட்சி இன்னும் நேரடியான உதாரணம். அந்தக் கட்சியோடு எனக்கு நிறைய முரண்பாடு உண்டு, அது வேறு. 2016-ல் ஒரு சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2024-ல் மைக் சின்னத்தில் நின்று 8 சதவீதத்தைத் தாண்டியது. ஒரு இடம்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் மாநிலத்தில் 8 சதவீத ஓட்டு இருந்தால் ஒரு இடமும் இல்லாமலே மாநிலக் கட்சி அங்கீகாரம் உண்டு என்பது விதி. கிடைத்தது. அங்கீகாரம் என்றால் நிரந்தரச் சின்னம். ஒவ்வொரு தேர்தலுக்கும் சின்னத்துக்கு மனுப் போட்டு அலைந்தவர்களைக் கேட்டால் அதன் அருமையைச் சொல்வார்கள். அந்த 8 சதவீதத்தில் டெபாசிட் போன தொகுதிகளின் ஓட்டும் இருக்கிறது.

"இந்த முறையே தப்புங்க, 22 சதவீதம் வாங்கினவனுக்கு 234-ல் 2 இடமா?" என்று கேட்டால், நானும் தப்பு என்றுதான் சொல்வேன். வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற இடம் வேண்டும் என்ற வாதம் பக்கம்தான் நான். ஆனால் போகாமல் இருப்பது அந்த வாதத்துக்கு உதவாது. டெபாசிட்டுக்கு ஆறில் ஒரு பங்கு, அங்கீகாரத்துக்கு 6 அல்லது 8 சதவீதம் என்று எல்லாமே செல்லுபடியான ஓட்டில் போடும் கணக்கு. நீங்கள் வீட்டில் இருந்தால் மொத்தம் குறையும், எதிர்த்தரப்பின் சதவீதம் ஏறும். உங்கள் எதிர்ப்பு எந்தத் தாளிலும் இருக்காது. அடுத்த நாள் "மக்கள் ஒருமனதாக எங்கள் பக்கம்" என்று மேடையில் பேசுவார்கள், மறுத்துக் காட்ட உங்களிடம் எண் இருக்காது.

பூத்துக்குள் நடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டு குறைந்த இடத்தில் நம் கட்சிக்கு முகவராக உட்கார ஆளே கிடைப்பதில்லை. காலையில் ஓட்டுப்பதிவு தொடங்கும் முன் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டுவார்கள், பிறகு அழித்து சீல் வைப்பார்கள். சாயங்காலம் எத்தனை ஓட்டுப் பதிவானது என்ற 17சி படிவத்தின் நகலை முகவர் கையில் கொடுப்பார்கள். நடுவில் யாராவது வேறொருவர் பெயரில் போட வந்தால், 2 ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம். அந்தப் பள்ளிக்கூட பெஞ்சில் நம் பக்கம் காலியாக இருந்தால் இது எதையும் செய்ய ஆளில்லை. அப்புறம் "அங்க என்ன நடந்துச்சோ" என்று சந்தேகப்பட்டுப் பேசி என்ன பயன்? இயந்திரத்தைத் திட்டுகிற பலர் ஒரு நாள்கூட அந்த பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

அதனால் தேர்தல் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6, வீடு மாறியிருந்தால் படிவம் 8. வெளியூரில் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகளுடைய பெயரையும் பாருங்கள். "எப்படியும் தோக்கப் போறோம்" என்று முதலில் டிக்கெட் போடாமல் விடுவது அவர்கள்தான். எங்கள் பூத்துக்கு முகவர் கிடைக்கவில்லை என்று ஒன்றியத்தில் கை விரித்தால், என் பெயரை எழுதிக்கொடுங்கள். காலை ஐந்தரைக்கெல்லாம் வந்துவிடுகிறேன். மதியத்துக்கு மேல் என்னை மாற்றிவிட இன்னொருவர் மட்டும் வேண்டும்.