இடது இறக்கை இத்தாலியில், வலது இறக்கை வேறிடத்தில்

பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் நான்கும் சேர்ந்து உருவாக்கிய யூரோஃபைட்டர் டைஃபூன் போர் விமானத்தின் இடது இறக்கையை இத்தாலி செய்கிறது. வலது இறக்கை ஸ்பெயின். நடு உடல் ஜெர்மனி. கடைசியில் எல்லாவற்றையும் பூட்டி முடிக்க நான்கு நாட்டிலும் ஆளுக்கொரு தொழிற்சாலை. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஒரே விமானத்துக்கு இத்தனை பட்டறை எதற்கு?

எத்தனை விமானம் வாங்குகிறாயோ அதற்கேற்ற வேலை உனக்கு என்பதுதான் ஒப்பந்தம். பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் 33 சதவீதம், இத்தாலிக்கு 21, ஸ்பெயினுக்கு 13. பிறகு ஜெர்மனி 250 விமானத்தை 180 ஆகக் குறைத்தபோது பங்குப் பேச்சு மறுபடி ஆரம்பித்தது. 1983-ல் பேசத் தொடங்கிய விமானம் 1994-ல்தான் முதலில் பறந்தது, படையில் சேர 2003 ஆனது. நாலு பேரும் தலையாட்டினால்தான் எதுவும் நகரும் என்றால் அப்படித்தான் ஆகும். தரை இலக்குகளைத் தாக்கும் திறன்கூட இதற்குப் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது.

பிரான்ஸ் 1985-லேயே விலகிவிட்டது. எடை குறைவாக, விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கக்கூடியதாக, வடிவமைப்பின் தலைமை தன்னிடம் இருக்கும்படியான விமானம் அதற்கு வேண்டியிருந்தது. விலகிப் போய் ரஃபேலைச் செய்தது. விமானத்துக்கு தசோ, இன்ஜினுக்கு ஸ்னெக்மா என்று இரண்டு கையும் வீட்டிலேயே இருந்ததால் அது முடிந்தது. கைத்தொழில் தெரியாத நாடு கோபித்துக்கொண்டு எங்கே போகும்?

அதனால்தான் எனக்கு ஸ்பெயினைப் பிடிக்கும். இருப்பதிலேயே சின்னப் பங்கு. ஆனால் 1989-ல் ஐ.டி.பி. என்ற நிறுவனத்தைத் தொடங்கி, டைஃபூனின் இஜே200 இன்ஜினுக்கு நாசில் செய்யும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். எரிந்த வாயு சீறி வெளியேறும் வாய் அது. கூடுதல் உந்துதலுக்காக இன்ஜினின் பின்பகுதியில் மேலும் எரிபொருளை எரிக்கும் ஆஃப்டர்பர்னர் மூண்டதும் அது விரிய வேண்டும், அணைந்ததும் சுருங்க வேண்டும். அத்தனை சூட்டிலும் அதன் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும், எங்கும் சிக்கக் கூடாது. அதைக் கற்றவர்கள் 1998-ல் வாயுவைத் திசை திருப்பும் நாசிலையே செய்து, ஓடும் இன்ஜினில் பொருத்திச் சோதித்தார்கள். பதின்மூன்று சதவீதத்தில் வாங்கிய படிப்பு அது! வேறொருவர் வரைந்த படத்தைப் பார்த்து ரிவிட் அடிப்பதில் முப்பது சதவீதம் கிடைத்தாலும் இதற்கு ஈடாகாது என்பேன்.

இப்போது பிரிட்டன், இத்தாலி, ஜப்பான் மூன்றும் சேர்ந்து 2035-க்குள் ஒரு புதிய விமானம் என்கின்றன. 2025-ல் அறிவித்த கூட்டு நிறுவனத்தில் மூவருக்கும் சம பங்கு. சரி, நல்லதுதான். ஆனால் நான் பார்க்க விரும்புவது மென்பொருளை. ஜப்பான் தன் ஏவுகணையைப் பொருத்த நினைத்தால், மற்ற இருவரின் கையெழுத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்காமல் நிரலைத் தானே திருத்த முடிய வேண்டும். இத்தாலிக்கும் அதே உரிமை. இதை இப்போதே எழுதிக்கொள்ளட்டும், விமானம் பறந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட வேண்டாம்.