பாஸ்போரஸ் நீரிணையைப் பூட்டினார்களாம்!

நேற்றைய விவாதத்தைப் பார்க்காதவர்களுக்கு: கருங்கடலின் வாசலான பாஸ்போரஸ் நீரிணையை, ரஷ்யா–உக்ரைன் போரில் துருக்கி என்ன செய்தது என்பதுதான் பேச்சு. "அமெரிக்கா சொன்னது, துருக்கி கருங்கடலைப் பூட்டிவிட்டது" என்று ஒருவர் முடித்தார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். திருத்திக் கமென்ட் போட்டால் ஒருவர் "புடின் கைக்கூலி" என்கிறார், அடுத்தவர் "நேட்டோ கைக்கூலி" என்கிறார். ஒரே ஆளுக்கு இரண்டு சம்பளமா!

அந்த வாசலில் யார் போகலாம் என்று சொல்வது மாண்ட்ரோ ஒப்பந்தம், 1936. மொத்தமே 29 ஷரத்துகள். 19ஆவது ஷரத்து என்ன சொல்கிறது? துருக்கி போரில் இல்லாதபோது, போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்கள் நீரிணையைக் கடக்கக் கூடாது. சொந்தத் தளத்துக்குத் திரும்பும் கப்பலுக்கு விலக்கு உண்டு. 2022 பிப்ரவரி கடைசியில் துருக்கி எடுத்தது இந்த ஷரத்தைத்தான். சரக்குக் கப்பல்கள் அன்றும் போயின, இன்றும் போகின்றன. பூட்டு எங்கே ஐயா?

"ரஷ்யாவுக்கு மட்டும்தானே அடி?" என்பீர்கள். பிரிட்டன் உக்ரைனுக்குக் கொடுத்த இரண்டு கண்ணிவெடி அகற்றும் கப்பல்களையும் விடமாட்டோம் என்று 2024 ஜனவரியில் துருக்கி சொன்னதே, அது யாருக்கு அடி?

நஷ்டம் ரஷ்யாவுக்கு அதிகம், சரி. 2022 ஏப்ரல் 14 அன்று ரஷ்யக் கருங்கடல் படையின் தலைமைக் கப்பல் மாஸ்க்வா மூழ்கியது. அதன் இடத்துக்கு ரஷ்யாவின் வேறு கடற்படைப் பிரிவிலிருந்து அதே மாதிரி பெரிய போர்க்கப்பலை (குரூசர்) கொண்டுவர வழியில்லை. போருக்கு முன்பே, 2022 பிப்ரவரி 8, 9 தேதிகளில் நுழைந்த ஆறு தரையிறக்கக் கப்பல்களோடு சரி. ரஷ்யாவுக்குள்ளேயே ஆறுகளை இணைக்கும் வோல்கா–டான் கால்வாய் இருக்கிறதே என்பவர்கள், கப்பலை ஏற்றி இறக்கும் அதன் மடைகளின் அளவைப் பாருங்கள். சின்ன ஏவுகணைக் கப்பல் வரும்; 20 மீட்டருக்கு மேல் அகலமான மாஸ்க்வா போன்றது எப்படி வரும்?

"நேட்டோ ஏன் உள்ளே போகவில்லை?" கருங்கடலில் கரையில்லாத நாடுகளின் போர்க்கப்பல் அமைதிக் காலத்திலேயே உள்ளே 21 நாள்தான் இருக்கலாம். ஒரே நேரத்தில் நீரிணையைக் கடக்கும் வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள் எல்லாம் சேர்ந்தே 15,000 டன் வரைதான். அமெரிக்க விமானந்தாங்கி ஒன்றே ஏறக்குறைய லட்சம் டன்!

வாசலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், உள்ளே கடலே மாறிவிட்டது. பெரிய கப்பல் எதுவும் மிஞ்சாத உக்ரைன், ஆளில்லாப் படகுகளையும் கரையோர ஏவுகணைகளையும் வைத்து ரஷ்யக் கப்பல்களில் பெரும்பகுதியை கிரிமியாவின் செவஸ்தபோல் துறைமுகத்திலிருந்து ரஷ்யக் கரையிலுள்ள நவரசீஸ்க்குக்குத் தள்ளியது. 2023 ஜூலையில் உக்ரைன் தானியம் கடல்வழியாக வெளியே போக வழிசெய்த உடன்பாட்டிலிருந்து ரஷ்யா விலகியும் சரக்குக் கப்பல்கள் நிற்கவில்லை; ருமேனியா, பல்கேரியா கரையை ஒட்டியே போயின. அங்கே பயம் மிதக்கும் கண்ணிவெடிதான். அதை அகற்ற அந்த இரண்டு நாடுகளும் துருக்கியும் 2024இல் கைகோத்தன. இதற்கெல்லாம் விவாதத்தில் நேரமில்லை. வரைபடத்தில் துருக்கிக்குச் சிவப்பு அடிக்க மட்டும் நேரம் இருந்தது!

அந்த 29 ஷரத்துகளில் அமெரிக்கா எங்கே வருகிறது, காட்டுங்கள். மாண்ட்ரோவில் அவர்கள் கையெழுத்தே போடவில்லை.